தண்ணீர்ப் பையும் நாரி நோவும்: எங்கே நோகிறது என்று பார்த்துப் பை எடுப்பது

திருகோணமலையில் மே மாதம் தொடங்கி செப்டெம்பர் வரைக்கும் மவுண்டன் சைக்கிள் ஓடுகிறவர் தண்ணீர் விஷயத்தில் விளையாடக் கூடாது. கச்சான் காற்று (வறண்ட தென்மேல் காற்று) அடிக்கிற நாளில் கன்னியாப் பக்கத்துக் கிரவல் றோட்டில் வியர்வை வந்ததே தெரியாது, தோலிலேயே காய்ந்துவிடும். நாரி நோ உள்ளவருக்கு இதில் இரட்டைக் கஷ்டம். தண்ணீர்ப் பையை, அதாவது குழாய் வைத்துக் குடிக்கிற முதுகுப் பையை, சுமந்தால் நோகிறது, சுமக்காமல் போனால் தலை சுற்றுகிறது. அதனால் பலர் நோவுக்குப் பயந்து தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். இந்த வெயிலில் அது ஆபத்தான கணக்கு. சுமக்கிற இடத்தை மாற்றலாம், குடிக்கிற அளவைக் குறைக்கக் கூடாது.

"முதுகு நோ உள்ளவருக்கு எந்தப் பை நல்லது?" என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு பெயரைச் சொல்லி அனுப்புவதில்லை. ஒருவருக்குச் சுகமான பை இன்னொருவரின் நாரியைப் பிடித்துவிடும். நோ எங்கே வருகிறது, ஓடத் தொடங்கி எவ்வளவு நேரத்தில் வருகிறது, பையைக் கழற்றினால் போகிறதா என்ற மூன்றும் தெரிந்தால் பாதி வழி வந்த மாதிரி. கீழே உள்ளதில் உங்கள் நோ எதுவோ அதற்கு நேரே போய் வாசியுங்கள். ஆனால் அடுத்த இரண்டு பகுதிகளையும் எல்லாரும் வாசிக்க வேண்டும்.

பையைப் பற்றி யோசிக்கவே கூடாத நோ

கால் மரத்துப்போய்ப் பலம் குறைவது, பாதத்தைத் தூக்க முடியாமல் இழுபடுவது, இருக்கையில் படும் இடமும் தொடைகளின் உட்பக்கமும் உணர்வில்லாமல் போவது, சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டில் இல்லாமல் போவது. இவற்றில் எது வந்தாலும் சைக்கிளை வைத்துவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கடைசி இரண்டும் முள்ளந்தண்டின் அடியில் உள்ள நரம்புக் கற்றை நெரிபடுவதன் அறிகுறியாக இருக்கலாம், அதில் மணித்தியாலங்களே முக்கியம். காய்ச்சலோடு வருகிற முதுகு நோ, படுத்தாலும் குறையாமல் இரவில் எழுப்புகிற நோ, விழுந்தபிறகு தொடங்கிய நோ ஆகியவையும் மருத்துவர் பார்க்க வேண்டியவை. இனி எழுதுவதெல்லாம் ஓடும்போது வந்து ஓய்ந்தால் ஆறுகிற நோவைப் பற்றித்தான்.

முதல் சோதனை: பை இல்லாமல் ஓடிப் பாருங்கள்

வழக்கமாக நோகத் தொடங்குகிற அதே றோட்டில், அதே வேகத்தில், முதுகில் ஒன்றும் இல்லாமல் ஒரு முறை ஓடுங்கள். தண்ணீருக்கு நிலாவெளி றோட்டைத் தேர்ந்தெடுக்கலாம். உப்புவெளி தாண்டியும் கடைகள் தொடர்ந்து இருக்கும், இடையில் நின்று வாங்கிக் குடிக்கலாம்.

நோ வரவில்லை என்றால் பைதான் காரணம், அடுத்த பகுதியைத் தாண்டிப் போகலாம். அதே இடத்தில் அதே அளவு வந்தால் எவ்வளவு விலை கொடுத்து என்ன பை வாங்கினாலும் பயன் இல்லை. குறைவாக வந்தால் இரண்டும் சேர்ந்திருக்கிறது. அப்படியானால் சைக்கிளை முதலில் சரிபாருங்கள், அதற்குக் காசு அவ்வளவாகத் தேவையில்லை.

பை இல்லாமலும் நோகிறது

இருக்கை உயரம்தான் முதல் சந்தேகம். இருக்கையில் இருந்து குதிக்காலைப் பெடலில் வைத்து, பெடலை அடிக்குக் கொண்டுவாருங்கள். கால் நேராக நிமிர வேண்டும், இடுப்பு ஒரு பக்கம் சாயக் கூடாது. இடுப்பு சாய்ந்தால் இருக்கை உயரம் கூடிவிட்டது. ஒவ்வொரு மிதிக்கும் நாரி இடமும் வலமும் வளைந்து கொடுத்துக்கொண்டிருக்கும், ஒரு மணித்தியாலத்தில் எத்தனை ஆயிரம் முறை என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். பின்னால் வருகிற ஒருவரைப் பார்க்கச் சொன்னால் உடனே தெரிந்துவிடும்.

அடுத்து இருக்கையின் மூக்கு. அது மேலே தூக்கி இருந்தால் இடுப்பெலும்பு பின்னால் உருண்டு நாரி வளையும். மட்டமாகவோ ஒரு துளி கீழே சாய்ந்தோ இருக்கட்டும். ஹாண்டில் எட்டாமல் கையை நீட்டிப் பிடிக்க வேண்டியிருந்தால் குட்டையான ஸ்டெம் (ஹாண்டிலைச் சைக்கிளோடு இணைக்கிற துண்டு) ஒன்று போடலாம்.

ரயர் காற்றைப் பலர் கவனிப்பதே இல்லை. கல்லுப் போல அடித்தால்தான் சைக்கிள் ஓடும் என்று நினைத்து, ரயரின் பக்கத்தில் போட்டிருக்கிற உச்ச அளவுக்கு ஏற்றிவிடுகிறார்கள். 2.2 அங்குல ரயரும் ரியூப்பும் உள்ள சைக்கிளில் 65 கிலோ எடையுள்ள ஒருவர் 28 முதல் 32 பி.எஸ்.ஐ. வரை வைத்துத் தொடங்கலாம். கிரவல் றோட்டில் வரிவரியாக இருக்கும் மேடுகளின் அதிர்வில் பெரும் பங்கை ரயர் வாங்கிக்கொள்ளும். பாரமான கியரில் அழுத்தி மிதிக்கிற பழக்கமும் நாரியைத்தான் தேடி வரும். இலகுவான கியரில் வேகமாகச் சுற்றுங்கள், சில நிமிடங்களுக்கு ஒரு தடவை இருக்கையை விட்டு எழும்பி நாரியை நிமிர்த்துங்கள்.

பை போட்டால் மட்டும், கொஞ்ச நேரத்தில் நாரி உளைகிறது

அதிகம் பேருக்கு வருவது இதுதான்.

நேராக நிற்கும்போது பையின் பாரம் முள்ளந்தண்டு வழியாகக் கீழே இறங்கிவிடும். சைக்கிளில் முன்னால் குனிந்தால் அதே பாரம் இடுப்புக்கு முன்னே போய்த் தொங்குகிறது. அதை இழுத்துப் பிடிக்கிற வேலை நாரித் தசைகளுக்கு வருகிறது. சும்மா ஒரு கணக்குப் பார்ப்போம். 3 கிலோ பாரம், இடுப்பு மூட்டிலிருந்து 35 சென்ரிமீற்றர் மேலே, உடல் 45 பாகை சாய்வு. பாரம் மூட்டுக்கு ஏறக்குறைய 25 சென்ரிமீற்றர் முன்னால் இருக்கும். அதைப் பின்னால் இழுக்கிற தசையோ முள்ளந்தண்டுக்கு ஏறக்குறைய 5 சென்ரிமீற்றர் பின்னால்தான் இருக்கிறது. அப்படியானால் 3 கிலோவைப் பிடிக்கத் தசை 15 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். ஹாண்டிலைப் பிடித்த கை கொஞ்சம் தாங்கும், அதைக் கழித்துக்கொள்ளலாம். என்றாலும் பாரம் எவ்வளவு மேலே இருக்கிறதோ அவ்வளவு நோ என்பது இதில் தெளிவாகத் தெரிகிறது. ஒரு கிலோவை முதுகிலிருந்து எடுத்துச் சைக்கிளில் மாட்டினால் நாரிக்குக் குறைவது ஒரு கிலோ மட்டும் அல்ல.

ஆகவே பை வாங்குவதற்கு முன்பு பையில் இருக்கிறதை வெளியே எடுத்துத் தராசில் வையுங்கள். பை மட்டும் வெறுமையாக ஒரு கிலோவுக்குக் கிட்ட வரலாம். 3 லீற்றர் தண்ணீர் 3 கிலோ. ரியூப், பம்ப், சாவிக் கூட்டம், பூட்டு, பவர் பேங்க் எல்லாம் சேர்ந்தால் இன்னொரு கிலோ. ஐந்து கிலோவை முதுகில் ஏற்றிவிட்டுப் பையின் பஞ்சு சரியில்லை என்று சொல்வது நியாயம் இல்லை. இந்தப் பையின் தொடக்கமே வேறு. 1980களின் இறுதியில் அமெரிக்காவின் டெக்சாஸில், கடும் வெயிலில் நடக்கும் நூறு மைல் சைக்கிள் ஓட்டமொன்றில் மைக்கேல் ஐட்சன் என்பவர் ஆஸ்பத்திரிச் சேலைன் பையில் தண்ணீரை நிரப்பி, அதை ஒரு நீளக் காலுறைக்குள் போட்டு முதுகுச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஓடினார். அதிலிருந்துதான் கேமல்பாக் என்ற தண்ணீர்ப் பை வந்தது. தண்ணீரும் ஒரு குழாயும் மட்டுந்தான் அதில் இருந்தன. பொக்கற்றுகள் பிறகு வந்து சேர்ந்தவை. பொக்கற் இருந்தால் நிரப்பத்தான் தோன்றும்.

சாமான்களை இருக்கைக்கு அடியில் கட்டுகிற சிறு பைக்கு மாற்றுங்கள். இதை மட்டும் செய்தே நோ பாதியாகக் குறைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பிறகு தண்ணீர். எவ்வளவு வேண்டும் என்று ஊகிக்காமல் அளந்துகொள்ளலாம். ஓடுவதற்கு முன்னும் வந்தபின்னும் வியர்வையைத் துடைத்துவிட்டு நிறை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஒரு லீற்றர், அதோடு வழியில் குடித்ததையும் கூட்டுங்கள். அளக்கிற வரைக்கும் மணித்தியாலத்துக்கு அரை முதல் முக்கால் லீற்றர் என்று வைத்துக்கொள்ளலாம். கச்சான் காற்று நாளில் அதைவிடக் கூடும். நிலாவெளிப் பக்கம் என்றால் 750 மில்லிலீற்றர்ப் போத்தல் ஒன்று போதும், முடிய முடிய நிரப்பலாம். குச்சவெளி தாண்டிப் புல்மோட்டைப் பக்கம் போகிறவர், கன்னியாவிலிருந்து உள்ளே காட்டோரப் பாதைகளில் திரும்புகிறவர், கந்தளாய்க் குளக்கட்டுப் பக்கம் சுற்றுகிறவர் கூடுதலாகக் கொண்டுபோகத்தான் வேண்டும்.

கொண்டுபோகிற தண்ணீரில் முதல் போத்தல் சைக்கிளின் சட்டத்தில் இருக்கட்டும். போத்தல் கூட்டுக்கான இரண்டு துளைகள் 64 மில்லிமீற்றர் இடைவெளியில் இருக்கும், எந்தக் கடைக் கூடும் அதில் பொருந்தும். துளை இல்லாத சட்டத்துக்குப் பட்டியால் இறுக்கிக் கட்டுகிற கூடுகள் உண்டு. கிரவலில் போத்தல் துள்ளி விழுந்தால் பழைய ரியூப்பை வெட்டிக் கூட்டைச் சுற்றி ஒரு வளையம் போடுங்கள். ஒன்றரை லீற்றர் வரை சட்டத்திலேயே கொண்டுபோக முடிந்தால் முதுகில் பை வேண்டாம் என்பதே என் முடிவு. நாரி நோ உள்ளவருக்கு நல்ல பை முதுகில் இல்லாத பைதான்.

சட்டத்தில் இடம் போதவில்லையா? அடுத்தது இடுப்புப் பை. அது இடுப்பெலும்போடு ஒட்டிக்கிடக்கும், குனிந்தாலும் முன்னே போய்த் தொங்காது. மேலே போட்ட கணக்கில் அந்த 25 சென்ரிமீற்றர் சில சென்ரிமீற்றராகச் சுருங்கிவிடும். ஒன்றரை லீற்றருக்கு மேல் ஏற்றினால் கீழே சரிந்து ஆடத் தொடங்கும், ஆகவே அதற்கு எல்லை உண்டு. இன்னொரு விஷயம்: நாரியின் அடிப்பகுதியைக் கை முட்டியால் அழுத்திப் பார்த்து, அந்த அழுத்தமே நோகிறது என்றால் இடுப்புப் பை உங்களுக்கு ஒத்துவராது.

மூன்று லீற்றர் சுமந்தே ஆக வேண்டும் என்பவர், தண்ணீர் உறை (பைக்குள் தண்ணீர் நிரப்புகிற, குழாய் உள்ள மெல்லிய உறை) பையின் அடிப்பகுதியில் குறுக்கே படுத்திருக்கும் அமைப்பைத் தேட வேண்டும். தோளிலிருந்து நீளமாகத் தொங்குகிற உறையில் பாரம் மேலே இருக்கும். படுத்த உறையில் அதே மூன்று கிலோ இடுப்புக்குப் பக்கத்தில் வந்துவிடும். அகலமான இடுப்புப் பட்டியும் இருக்க வேண்டும். நூல் போன்ற மெல்லிய பட்டி பையை ஆடாமல் பிடிக்குமே தவிரப் பாரத்தை வாங்காது.

பிடரியும் தோள்பட்டைகளின் நடுவும் நோகிறது

பெரும்பாலும் பையின் நீளம் உடலுக்குப் பொருந்தவில்லை. உயரத்தைப் பார்த்துப் பை எடுக்கக் கூடாது, முதுகு நீளத்தைப் பார்க்க வேண்டும். தலையை முன்னால் குனிந்தால் கழுத்தின் அடியில் ஒரு எலும்பு துருத்தும். அங்கிருந்து, இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றினால் பெருவிரல்கள் தொடுகிற மட்டம் வரைக்கும் முதுகு வளைவோடு தையல் நாடாவால் அளக்கச் சொல்லுங்கள். அந்த அளவும் பையின் அளவு அட்டவணையும் ஒத்துப்போக வேண்டும். உயரமான ஆளுக்கு நீளக் காலும் குட்டை முதுகும் இருக்கலாம். பெண்கள் பலருக்குப் பொதுவான பைகள் நீளமாகவும் தோள் வார்கள் அகன்றும் போகின்றன. அவர்களுக்கென்று வெட்டியதைப் பார்ப்பது நல்லது.

பை நீண்டுபோனால் இறக்கத்தில் மேலே ஏறி ஹெல்மெட்டில் தட்டும். ஹெல்மெட் தட்டினால் தலையை நிமிர்த்த முடியாது, பிடரி இறுகும். வாரை இன்னும் இறுக்கினால் தோளுக்குத்தான் தண்டனை.

கட்டுகிற ஒழுங்கும் முக்கியம். எல்லா வாரையும் தளர்த்துங்கள். முதலில் இடுப்புப் பட்டியை இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் மாட்டி இறுக்குங்கள், பிறகு தோள் வார், கடைசியாக நெஞ்சுப் பட்டி. நெஞ்சுப் பட்டி காறை எலும்புக்கு இரண்டு மூன்று விரல் கீழே, மூச்சை ஆழமாக இழுக்க விடும் அளவில் இருக்கட்டும். இதையெல்லாம் கண்ணாடிக்கு முன்னால் நிமிர்ந்து நின்று செய்யாமல் சைக்கிளில் ஏறி ஹாண்டிலைப் பிடித்தபடி செய்யுங்கள். குனிந்தால் முதுகு நீளும், நின்றபோது கச்சிதமாக இருந்த வார் அப்போது தோளை வெட்டும்.

முதுகில் ஒரே புள்ளியில் குத்துகிறது

உறையை முழுக்க நிரப்பினால் அது உருண்டையாகி முள்ளந்தண்டின் நடுவில் வந்து முட்டும். உள்ளே நடுத் தடுப்பு உள்ள உறை தட்டையாகவே நிற்கும், அதைக் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் முக்கால் அளவுக்கு நிரப்பினால் போதும். பம்பும் சாவிகளும் முதுகுப் பக்கம் இருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். குத்துவது மட்டும் பிரச்சினை அல்ல, மல்லாந்து விழுந்தால் இரும்பு நேராக முள்ளந்தண்டில் இறங்கும்.

பை ஆடுகிறது, ஆட்டத்தோடு நாரி பிடிக்கிறது

உறைக்குள் காற்று இருக்கிறது. நிரப்பி மூடியதும் உறையைத் தலைகீழாகப் பிடித்துக் குழாயால் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டால் தண்ணீர் தளும்பாது. பையின் பக்கவாட்டில் இறுக்குகிற வார் இருந்தால், தண்ணீர் குறையக் குறைய அதையும் இழுத்து இறுக்குங்கள். பாதி வழியில் நோ தொடங்குகிறவர்கள் பலருக்கு இதுதான் காரணம்: புறப்படும்போது இறுக்கிய வார், ஒரு லீற்றர் குடித்தபின் தொங்கிக்கொண்டிருக்கும்.

கை மரக்கிறது

எந்த விரல் என்று பாருங்கள். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மட்டும் மரத்தால் ஹாண்டில்தான் உள்ளங்கை ஓரத்து நரம்பை அழுத்துகிறது, பையில் குற்றம் இல்லை. பிடியை மாற்றுங்கள், கையுறை போடுங்கள். தோளிலிருந்து கை முழுவதும் கனத்து மரத்தால் தோள் வார் அக்குள் பக்கத்து நரம்புகளை நெரிக்கிறது. வாரைத் தளர்த்திப் பாரத்தை இடுப்புக்கு இறக்குங்கள். தளர்த்தியும் போகவில்லை என்றால் அந்தப் பையைப் போடவே வேண்டாம். அடுத்த நாளும் மரப்பு இருந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

இடுப்புப் பை வயிற்றை நெரிக்கிறது

பட்டி தொப்புள் மட்டத்தில் இருக்கிறது. கீழே இறக்கி இடுப்பெலும்பில் உட்கார வையுங்கள். ஏற்றத்தில் கொஞ்சம் தளர்த்தி இறக்கத்தில் இறுக்கலாம், ஒரு கையால் இழுக்கக்கூடிய வார் உள்ளதாகப் பார்த்து எடுத்தால் இது சுலபம்.

ஓடும்போது சுகம், அடுத்த நாள் காலையில் பிடித்துக்கொள்கிறது

நிரப்பிய பையை நிலத்திலிருந்து ஒரு கையால் தூக்கி, உடம்பை முறுக்கித் தோளில் போடுகிறீர்களா? நோவுள்ள நாரிக்கு அந்த ஒரு முறுக்கல் போதும். பையை மேசையிலோ மதிலிலோ வைத்து, அதற்கு முதுகைக் காட்டி நின்று இரண்டு கையையும் நுழையுங்கள். கழற்றும்போதும் அப்படியே. வந்தவுடன் காரில் ஏறிக் குந்தியிருப்பதும் நாரியை இறுக்கும், கொஞ்சத் தூரம் நடந்துவிட்டு இருங்கள்.

முதுகு அவிந்து புழுங்குகிறது

இதற்கென்று முதுகில் படாமல் வலை இழுத்த பைகள் இருக்கின்றன. காற்று நன்றாகப் போகும். ஆனால் வலை பாரத்தை முதுகிலிருந்து பல சென்ரிமீற்றர் தள்ளி வைக்கிறது, பை ஆடவும் இடம் கொடுக்கிறது. நோ இல்லாதவருக்கு அது நல்ல பை. நாரி நோ உள்ளவருக்கு, பள்ளம் பறித்த பஞ்சு உள்ள, முதுகோடு ஒட்டுகிற பையையே சொல்வேன், புழுக்கத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளலாம். வெயிலில் குழாயில் கிடக்கிற தண்ணீர் கொதிக்கும். குடித்து முடித்ததும் குழாய்க்குள் ஊதித் தண்ணீரை உறைக்குள் திருப்பி அனுப்பிவிட்டால் அடுத்த வாய் சூடாக வராது. உறைக்குள் வெறும் தண்ணீர் மட்டுந்தான். இளநீர், ஜீவனி, சீனி கலந்தது எதுவானாலும் போத்தலில் கொண்டுபோங்கள், உறையிலும் குழாயிலும் இனிப்புத் தங்கினால் பூஞ்சணம் பிடிக்கும்.

வாங்கும்போது

திருகோணமலையில் இந்த வகைப் பைகளைத் தேடினால் தெரிவு குறைவு. கொழும்பிலிருந்தோ இணையத்திலோ எடுப்பவர்கள்தான் அதிகம். அப்படி எடுப்பவர் முதுகு அளவையும், பட்டி மாட்டும் இடத்தில் இடுப்புச் சுற்றளவையும் முதலே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அளவு மாற்றித் தருவார்களா என்று காசு கட்டுவதற்கு முன்பே கேளுங்கள். கையில் நல்ல பை இருந்து இடுப்புப் பட்டி மட்டும் இல்லையென்றால் புதிதாக வாங்க வேண்டியதில்லை. பை தைக்கிறவரிடம் கொடுத்து, இடுப்பில் படும் இடத்துக்கு நான்கு விரல் அகலத்தில் பஞ்சு வைத்த சிறகு இரண்டும், முன்னால் கொழுவியும் போட்டுத் தரச் சொல்லலாம். "அண்ணை, இதில பாரம் இழுக்கும், தையலை இரட்டையாப் போடுங்கோ" என்று சொல்லிவிடுங்கள்.

புதுப் பை வந்ததும் அட்டையை வெட்டாதீர்கள். உறைக்குள் தண்ணீரை ஊற்றினால் திருப்பிக் கொடுக்க முடியாமல் போகலாம், அதனால் நீங்கள் கொண்டுபோகப் போகிற அளவுக்கு மூடிய தண்ணீர்ப் போத்தல்களைத் துணியில் சுற்றிப் பைக்குள் வையுங்கள். சைக்கிளைச் சுவரோடு சாய்த்து, ஒருவரைப் பிடிக்கச் சொல்லி ஏறி, ஹாண்டிலைப் பிடித்துக் குனிந்தபடி இருபது நிமிடம் இருங்கள். இடையில் எழும்பி நில்லுங்கள், தலையை நிமிர்த்தி ஹெல்மெட் தட்டுகிறதா பாருங்கள், இடமும் வலமும் திரும்பிப் பாருங்கள். நாரி உளையத் தொடங்கினால் அந்தப் பையை அன்றைக்கே திருப்பி அனுப்புங்கள். பழகப் பழகச் சரியாகும் என்று கடைக்காரர் சொன்னாலும் வைத்துக்கொள்ள வேண்டாம்.